காப்புறுதியும் வாக்குறுதியும்

மனிதனோடு வாழ வந்த விலங்குகளுள் பூனையின் வரலாறு தனித்தன்மை உடையது. மாட்டை மனிதன் பிடித்துப் பழக்கினான். குதிரையைக் கடிவாளம் இட்டு அடக்கினான். பூனையோ தானாகவே வந்தது. மேற்காசியாவில் உழவுத்தொழில் தோன்றிக் களஞ்சியங்கள் நிறைந்தபோது எலிகள் பெருகின. அவ்வெலிகளைத் தேடிப் பாலைநிலக் காட்டுப்பூனைகள் ஊருக்குள் புகுந்தன. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடந்ததை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அத்துணைப் பழைமையான உறவு இது.

அந்த உறவு இன்று களஞ்சியத்தை விட்டு அடுக்குமாடி வீட்டிற்குள் குடிபுகுந்துவிட்டது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் தடை இருந்துவந்தது. 2012ஆம் ஆண்டில் சோங் பாங் வட்டாரத்தில் மட்டும் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2024 செப்டம்பர் 1ஆம் நாள் தடை முழுவதும் நீங்கியது. வீடொன்றுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் உரிமம் பெறவேண்டும். அதன் தோலுக்கடியில் நுண்சில்லு பொருத்தவேண்டும். சன்னல்களில் வலை அமைப்பது போன்ற பாதுகாப்பும் செய்யவேண்டும் என்னும் விதிகள் வந்தன. முன்னரே வளர்த்தவர்கள் உரிமம் பெறுவதற்கு 2026 ஆகஸ்டு 31 வரை காலம் தரப்பட்டது. இவ்வாறு, கதவுக்குப் பின்னால் மறைந்து வாழ்ந்த உயிர் சட்டத்தின் முன் பெயரும் எண்ணும் பெற்றது.

உரிமை வரும்போது கடமையும் உடன் வரும். பூனை நோயுற்றால் அதன் செலவை யார் ஏற்பது? மனிதர்க்கு வழி இருக்கிறது. 2015 நவம்பர் முதல் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மெடிஷீல்டு லைஃப் என்னும் தேசியக் காப்புறுதியின் கீழ் வருகின்றனர். பூனைக்கு அத்தகைய நிழல் இல்லை. வளர்ப்பவரின் பணப்பை ஒன்றே அதற்குத் துணை. ஆதலின், செல்லப்பிராணிக் காப்புறுதி என்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று; எளிய குடும்பங்களே இதனை மிகுதியாக எண்ணிப்பார்க்க வேண்டியவை.

விலங்குகளுக்குக் காப்புறுதி செய்யும் வழக்கம் புதிதன்று. சுவீடன் நாட்டில் 1890ஆம் ஆண்டிலேயே குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் காப்புறுதி செய்யும் அமைப்புத் தோன்றியது. 1924இல் அங்கே நாய்க்கும் அது கிடைத்தது. பிரிட்டனில் 1947இலும், அமெரிக்காவில் 1982இலும் நாய்க்கான காப்புறுதிப் பத்திரங்கள் தொடங்கின. லாஸி என்னும் பெயரில் தொலைக்காட்சியில் நடித்த நாயே அமெரிக்கப் பத்திரத்தை முதலில் பெற்றது. இவ்வரிசையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. குதிரை வண்டி இழுத்தது. மாடு பால் தந்தது. அவை இறந்தால் உடைமை அழிந்தது. அந்த இழப்பைக் காப்புறுதி ஈடுசெய்தது. வீட்டுப் பூனையோ ஒரு வெள்ளியும் ஈட்டித் தருவதில்லை. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பூனைக்குச் சந்தையில் விலையே இல்லை. அப்படியாயின் அதற்குக் காப்புறுதி எடுப்பவர் எதனைக் காக்கிறார்? பூனையின் விலையை அன்று. தாம் அதற்குத் தந்த வாக்கைத்தான் காக்கிறார்.

அந்த வாக்கு எப்போது சோதனைக்கு உள்ளாகும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. பூனை தன் துன்பத்தை மறைக்கும் இயல்புடையது. ஆண்பூனைக்குச் சிறுநீர்க்குழாய் அடைபட்டால், உடனே மருத்துவம் செய்யாவிடில் ஓரிரு நாள்களில் உயிர் போகக்கூடும். முதல்நாள் மாலை விளையாடிய பூனை மறுநாள் அவசரப் பிரிவில் கிடக்கும். சிறுநீரகத் தளர்ச்சியோ இதற்கு மாறாக மெல்ல மெல்ல வரும். முதிர்ந்த பூனைகள் பலவற்றை அது பற்றுகிறது. சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குன்றிய பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்ந்து காட்டும். ஒன்று இடிபோல் வருவது. மற்றொன்று கறையான்போல் அரிப்பது. இரண்டுக்கும் ஒரே ஆயத்தம் போதாது. காப்புறுதியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் உணரவேண்டிய வேறுபாடு இதுவே.

ஈசூன் வட்டாரத்தில் மூவறை வீட்டில் தனியே வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இதனை உணர்ந்த விதம் எண்ணிப்பார்க்கத் தக்கது. அவரிடம் இரண்டு பூனைகள் இருந்தன. ஒன்று ஒன்பது வயதுப் பெண்பூனை. வெற்றுத்தளத்தில் மழையில் நனைந்து கிடந்த குட்டியாக வந்தது. மற்றொன்று இரண்டு வயது ஆண்பூனை. இரண்டுக்கும் உரிமம் பெற்றுத் திரும்பிய வாரத்தில், காப்புறுதியும் எடுக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர், கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிபவர், மூன்று நிறுவனங்களின் பத்திரங்களை அச்சிட்டு எடுத்துவந்தார்.

"டீச்சர், இந்த மூன்றாவது திட்டம்தான் மலிவு. இதையே எடுத்துவிடலாமே?"

"விலையைப் பிறகு பார்ப்போம் தம்பி. 'விலக்குகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதிலிருந்து படி."

"எல்லாரும் முதல் பக்கத்திலிருந்துதானே படிப்பார்கள்?"

"முதல் பக்கம் விற்பவருக்காக எழுதியது. இந்தப் பக்கம் பணம் கொடுப்பவருக்காக எழுதியது."

பத்திரங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆசிரியை ஒரு பயிற்சி நூலை எடுத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் தமிழில் பொருள் எழுதத் தொடங்கினார். பொருள் எழுத முடியாத சொல்லுக்குக் கையொப்பம் இடுவதில்லை என்பது அவர் கொண்ட முறை. அன்று மாலைக்குள் நான்கு சொற்கள் அந்நூலில் அடிக்கோடு பெற்றன.

முதற்சொல் 'உச்சவரம்பு'. மூன்று திட்டங்களும் பெரிய தொகை ஒன்றை ஆண்டு வரம்பாகக் காட்டின. ஆனால் மலிவான திட்டத்தின் உள்ளே, நோய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிறிய வரம்பு வகுக்கப்பட்டிருந்தது. பூனைக்கு ஓராண்டில் ஒரு பெருநோய் வருவதே இயல்பு. ஐந்து நோய்கள் ஒருங்கே வருவது அரிது. ஆகவே அத்திட்டத்தின் பெரிய வரம்பு கண்ணுக்கு மட்டுமே விருந்து. கைக்கு எட்டுவது சிறிய வரம்புதான்.

இரண்டாவது சொல் 'தன்பங்கு'. ஒவ்வொரு செலவிலும் முதலில் வளர்ப்பவரே ஏற்கவேண்டிய தொகை ஒன்று உண்டு. அதன்பின் எஞ்சியதில் ஒரு விழுக்காடும் அவர் பங்காகும். மாணவர் கணக்கிட்டுக் காட்டினார். மருத்துவச் செலவு 3,000 வெள்ளி எனவும், முதலில் ஏற்கவேண்டியது 200 வெள்ளி எனவும், அதன்பின் தன்பங்கு 20 விழுக்காடு எனவும் கொள்வோம். 2,800 வெள்ளியில் நிறுவனம் 2,240 வெள்ளி தரும். வளர்ப்பவர் 760 வெள்ளி தரவேண்டும். ஆனால் நோய்க்கான வரம்பு 1,500 வெள்ளி என்றிருந்தால், நிறுவனம் அத்துடன் நின்றுவிடும். மீதி 1,500 வெள்ளியும் வளர்ப்பவர் தலையில் விழும். சந்தாவில் மாதம் சில வெள்ளி மிச்சம் என்று எண்ணி எடுத்த திட்டம், தேவைப்படும் நாளில் பாதி வழியில் கைவிட்டுப் போகும்.

மூன்றாவது சொல் 'காத்திருப்புக் காலம்'. பத்திரம் தொடங்கிய நாளிலேயே பாதுகாப்புத் தொடங்குவதில்லை. விபத்துக்குச் சில நாள்கள், நோய்க்குச் சில வாரங்கள் எனக் காத்திருக்கவேண்டும். இடையில் தோன்றும் நோய்க்கு இழப்பீடு இல்லை. நோய் வந்தபின் காப்புறுதி தேடுவது, வெள்ளம் வந்தபின் அணைக்கு மண் சுமப்பது போன்றது. இத்துடன் ஆசிரியை மற்றொன்றையும் குறித்துக்கொண்டார். ஓராண்டில் தொடங்கிய நீரிழிவுக்கு அடுத்த ஆண்டும் தொடர்ந்து பணம் கிடைக்குமா, அல்லது புதுப்பிக்கும்போது அது பழைய நோயாகக் கருதப்பட்டு விலக்கப்படுமா என்பது அவ்வினா. வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும் நோய்க்கு ஓராண்டுப் பாதுகாப்பு என்ன பயன் தரும்?

நான்காவது சொல்லே மிகவும் கடுமையானது: 'முன்னிருந்த நோய்'. இச்சொல்லுக்கு ஒரு பத்திரம், 'சேர்வதற்கு முன் கண்டறியப்பட்ட நோய்' என்று பொருள் கூறியது. மற்றொன்று, 'சேர்வதற்கு முன் அறிகுறி தோன்றிய நோய்' என்றது. கண்டறிவதற்கும் தோன்றுவதற்கும் இடையே உள்ள தொலைவை நாற்பது ஆண்டு இலக்கணம் கற்பித்தவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டுமா? நோய் தோன்றுவது உடலில், கண்டறியப்படுவது ஏட்டில். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கான காலம் இருக்கக்கூடும். அந்த இடைவெளியில்தான் அவருடைய முதிய பூனை நின்றுகொண்டிருந்தது. முந்தைய ஆண்டுப் பரிசோதனையில், பூனை வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கிறது, எடை சற்றே குறைந்துள்ளது என்று விலங்குநல மருத்துவர் குறித்திருந்தார். ஆறு மாதம் கழித்து மீண்டும் இரத்தம் பார்க்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார். நோயின் பெயரை எழுதவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. பூனையின் உடல்நிலையில் ஏதேனும் மாற்றம் காணப்பட்டதா என்று அது வினவியது. மாணவர் எழுதுகோலை நிறுத்தினார்.

"டீச்சர், நோய் என்று டாக்டர் எழுதவில்லையே. இல்லை என்று போட்டுவிட்டால் என்ன?"

"டாக்டர் எழுதவில்லை, தம்பி. ஆனால் பார்த்திருக்கிறார். நானும் தினமும் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புகிறேன்."

"இதனால் யாருக்கும் நட்டம் இல்லையே. உங்கள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்."

"தெரியும். ஆனால் நாளைக்குப் பணம் கேட்டால் பழைய மருத்துவக் குறிப்பைக் கேட்பார்கள். அன்றைக்கு இந்த ஒரு சொல் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். அது மட்டும் இல்லை. உனக்கு நான் கற்றுக்கொடுத்த பாடத்தை நானே அழிக்கச் சொல்கிறாயா?"

மாணவர் 'ஆம்' என்று எழுதினார். அதன்கீழ் மருத்துவரின் குறிப்பை அப்படியே படியெடுத்து இணைத்தார்.

காப்புறுதியின் உயிர்நாடி இந்த வாய்மையே ஆகும். இக்கோட்பாட்டை உலகறிய நிலைநாட்டிய வழக்குகளுள் ஒன்று இப்பகுதியோடு தொடர்புடையது. சுமாத்திராவில் உள்ள பென்கூலன் துறைமுகத்தில் ஆங்கிலேயர் மார்ல்பரோ கோட்டையைக் கட்டியிருந்தனர். சிங்கப்பூரில் ஒரு தெருவுக்குப் பெயர் தந்த ஊர் அது. அக்கோட்டையைப் பகைவர் பிடித்துக்கொண்டால் இழப்பீடு தரவேண்டும் என்று அதன் ஆளுநர் கார்ட்டர் இலண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். காப்புறுதி தந்த போம் என்பவர், கோட்டையின் வலிமைக்குறைவைத் தம்மிடம் மறைத்துவிட்டார் என்று கூறிப் பணம் தர மறுத்தார். 1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, காப்புறுதி என்பது நம்பகத்தின்மேல் நிற்கும் ஒப்பந்தம் என்றும், ஒருவர் மட்டும் அறிந்த உண்மையை மறைப்பது அதனைச் சிதைக்கும் என்றும், அந்நம்பகம் இருதரப்பார்க்கும் பொதுவானது என்றும் விளக்கினார். இறுதியில் வென்றவர் கார்ட்டரே. ஏனெனில், தாமே அறிந்திருக்கக்கூடிய செய்திகளைக் காப்புறுதியாளர் பின்னர்க் குறையாகச் சொல்ல முடியாது என்று முடிவாயிற்று. கோட்டைக்குப் பொருந்தும் நெறி பூனைக்கும் பொருந்தும். உண்மையை முழுதும் சொன்னவரே நாளை உரிமையோடு கேட்க முடியும்.

நிறுவனத்தின் மறுமொழி இரண்டு வாரத்தில் வந்தது. இளைய பூனைக்குத் தடையில்லை. முதிய பூனையைச் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் சிறுநீரகம், சிறுநீர்ப்பாதை தொடர்பான எந்நோய்க்கும் இழப்பீடு இல்லை; வயது கருதிச் சந்தாவும் மிகுதி. மடலைப் படித்த ஆசிரியை சிறிதுநேரம் பேசவில்லை. எந்த நோய்க்கு அஞ்சிக் காப்புறுதி தேடினாரோ, அந்த நோயே வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. மாணவரின் முகத்தில், முன்பே சொன்னேனே என்னும் குறிப்பு ஒரு கணம் தோன்றி மறைந்தது.

அதன்பின் அவர் செய்த முடிவுதான் பலரும் பின்பற்றத் தக்கது. இரண்டு பூனைகளிடமும் ஒரே அன்பு என்பதற்காக இரண்டுக்கும் ஒரே வழியை அவர் தேடவில்லை. இளைய ஆண்பூனைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்வு இருக்கலாம். சிறுநீர் அடைப்புப் போன்ற பெருஞ்செலவு எந்த இரவிலும் வரலாம். அதற்குக் காப்புறுதி எடுத்தார். அதிலும், முதலில் தாம் ஏற்கும் தொகை சற்று மிகுதியாகவும், ஆண்டு வரம்பு பெரிதாகவும், நோய்தோறும் தனி வரம்பு இல்லாததாகவும் உள்ள திட்டத்தையே தேர்ந்தெடுத்தார். சிறு செலவை வளர்ப்பவர் தாங்கலாம். தாங்க முடியாததையே காப்புறுதியிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அவர் கண்ட அளவுகோல்.

முதிய பூனைக்குக் காப்புறுதி வேண்டா என்று விடுத்தார். அதற்குக் கட்டவேண்டியிருந்த சந்தாவை மாதந்தோறும் தனிச் சேமிப்புக் கணக்கில் இடத் தொடங்கினார். மாதம் 50 வெள்ளி சேர்த்தால் ஆண்டிற்கு 600 வெள்ளி; மெல்ல வரும் நோயின் இரத்தப் பரிசோதனைக்கும் சிறப்பு உணவுக்கும் அது துணையாகும். சேமிப்பில் விலக்கு என்னும் பக்கம் இல்லை. காத்திருப்புக் காலமும் இல்லை. ஆனால் தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே பெருநோய் வந்தால், அதில் 150 வெள்ளிதான் இருக்கும். இளம் பூனைக்குச் சேமிப்பு மட்டும் போதாது என்பதற்கும், முதிய பூனைக்குக் காப்புறுதி பயன்படாமற் போவதற்கும் காரணம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

எஞ்சிய ஒரு கேள்வியை அவர் மருத்துவரிடமே கேட்டார். நோய் முற்றும் காலத்தில், பூனைக்கு ஆறுதல் தரும் மருத்துவம் எது, அதன் துன்பத்தை நீட்டிப்பது மட்டும் எது என்பது அக்கேள்வி. வீட்டிலேயே தோலுக்கடியில் நீர்மருந்து ஏற்றலாம், உணவை மாற்றலாம், அதற்கப்பால் எதுவரை செல்வது என்பதை அமைதியான வேளையில் இருவரும் பேசி முடிவுசெய்தனர். அம்முடிவை ஆசிரியை ஒரு தாளில் எழுதி, உரிமத்தோடு சேர்த்து வைத்தார். நள்ளிரவில், அழுகையின் நடுவே, கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கப்படும் முடிவு பூனைக்கும் நன்மை தராது. வளர்ப்பவர்க்கும் அமைதி தராது.

காப்புறுதி தீண்டாத கடமைகளும் உண்டு. தடுப்பூசி, கருத்தடை, பல் சுத்தம் போன்ற வழக்கமான செலவுகளைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை. அவற்றைப் புறக்கணித்ததனால் வரும் நோய்க்கும் இழப்பீடு மறுக்கப்படலாம். சன்னலுக்கு வலை அடிப்பது எந்தக் காப்புறுதியினும் முந்தியது. உயர்ந்த மாடிகளிலிருந்து விழுந்து நியூயார்க் நகரில் மருத்துவத்திற்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளிவந்தது. அவற்றுள் ஏறத்தாழ 90 விழுக்காடு பிழைத்தன. பூனைக்கு ஒன்பது உயிர் என்று மகிழ்வதற்கு இது சான்றன்று. விழுந்த இடத்திலேயே இறந்தவை அக்கணக்கில் வரவில்லை. பிழைத்தவற்றிலும் பல, மார்புக் காயத்தோடும் முறிந்த எலும்போடும் வந்தவை. பத்தாம் மாடியில் வாழும் பூனைக்கு வலையே முதற்காப்பு. பத்திரம் இரண்டாவது காப்பு.

காப்புறுதிப் பத்திரம் எவர் வீட்டுக்கும் வரக்கூடிய ஏடு. மருத்துவம், வீடு, வாகனம், இன்று செல்லப்பிராணி என அதன் வகைகள் பெருகிவருகின்றன. அவ்வேட்டை அஞ்சாமல் திறந்து, சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு, 'தோன்றிய' என்பதற்கும் 'கண்டறியப்பட்ட' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும் மாணவர், மொழிப்பாடத்தின் பயனை வாழ்வில் கொண்டவர் ஆவார். அவ்வாறு படித்தபின் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. பெருஞ்செலவு வந்தால் நிறுவனம் எந்த எல்லையில் நிற்கும்? தொடரும் நோய்க்கு அடுத்த ஆண்டும் பணம் வருமா? வயது ஏறும்போது சந்தா எவ்வளவு ஏறும்? சொன்ன உண்மை முழுமையானதா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் காப்புறுதி எடுப்பதும் முறையே. எடுக்காமல் சேமிப்பதும் முறையே.

தண்ணீர்க் கிண்ணம் விரைவில் வறண்டுபோவதைக் கவனிக்கும் கண்ணை மட்டும் எந்த நிறுவனமும் விற்பதில்லை. வாய்பேசா உயிரை வீட்டுக்குள் அழைத்த அன்றே அந்த வேலையை வளர்ப்பவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.